முன் வைத்த காலைப் பின் வைக்கலாம்



சென்ற ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசியாறிவிட்டு மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய ஒரே மகன் என்னிடம் படித்தவன். இப்போது அமெரிக்காவில், போஸ்டன் நகரத்தில் பொறியியலாளனாக இருக்கிறான்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினார். படத்தில் அவர் மகன் முழங்கால் வரை வெள்ளை வெளேரென்ற பனியில் புதைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஊசியிலை மரங்கள், அதற்கும் பின்னால் ஒரு வெள்ளை மலை.

"ஐஸ் மலையில ஏறுறானாம் சார். அதுவும் ஐஸ் உருகுற நேரத்துல போயிருக்கான். கால் தண்ணிக்குள்ள போயிடுச்சாம். இவன் சிரிக்கிறான், எனக்கு வயித்தக் கலக்குது. நீங்க சொன்னாக் கேப்பான். இனிமே போகாதேன்னு ஒரு வார்த்தை எழுதுங்க சார்."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதவும் செய்தேன். அதற்கு அவன் நான்கு பக்கத்தில் பதில் போட்டான். அதைப் படித்த பிறகு "போகாதே" என்று மறுபடி எழுதக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எந்த மலை, எந்தக் காலம்?

நாம் பனி என்று சொல்வது விடியற்காலையில் நிரைகளுக்கு இடையே புகைபோல் நிற்கும் மூடுபனியை. அங்கே பனி என்பது வானத்திலிருந்து பஞ்சாக விழுந்து, குவிந்து, மாதக்கணக்கில் தரையை மூடிக் கிடப்பது. ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் நகத்தால் சுரண்டுவோமே, அந்த வெள்ளைத் தூள் ஒரு மலை முழுவதும் ஆள் உயரத்துக்குக் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ஷயர் என்று ஒரு மாநிலம். அங்கே வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதில் உயர்ந்தது வாஷிங்டன் மலை, 1,917 மீட்டர். நம் கினபாலு மலை 4,095 மீட்டர். உயரத்தில் பாதிகூட இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அந்த மலையுச்சியில் காற்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதை அங்குள்ள வானிலை நிலையத்தார் அளந்தார்கள். 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒரு புயல் அதை முறியடிக்கும் வரை, உலகத்தில் நிலப்பரப்பில் அளக்கப்பட்ட காற்றில் அதுவே முதலிடத்தில் இருந்தது. 1849 முதல் இன்றுவரை அந்த மலையிலும் அதைச் சுற்றியுள்ள சிகரங்களிலும் 150-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. குளிரிலேயே அடங்கிப்போனவர்களும் உண்டு.

மார்ச் கடைசியில் அங்கே குளிர்காலம் முடியும் தறுவாய். நகரத்தில் பனி உருகி, வெயில் அடித்து, மக்கள் மெல்லிய சட்டைக்கு மாறியிருப்பார்கள். ஆனால் மூன்று மணி நேரம் காரோட்டி மலையடிக்குப் போனால் அங்கே இன்னும் குளிர்காலம். "நகரத்து வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன் ஐயா, அதுதான் என் முதல் பிழை" என்று எழுதியிருந்தான்.

இரண்டாவது பிழை

இரண்டாவது பிழை நேரம். இது நம் மக்களுக்கு எளிதில் விளங்கும்.

பால்மரம் வெட்டுகிறவர்கள் ஏன் விடியுமுன் பிரட்டுக்குப் போனார்கள்? குளிர்ந்த விடியலில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் தளரும். பத்து மணிக்கு உளியை எடுத்துக்கொண்டு போனவனுக்கு மங்கின் அடிதான் தெரியும்.

பனி மலையிலும் இதே கணக்குத்தான். பகலில் வெயில் பட்டு மேல்பனி உருகும். இரவில் மறுபடி உறையும். விடியற்காலையில் அது சிமெண்டுத் தரைபோல் இறுகி, ஆளைத் தாங்கும். பத்து, பதினொரு மணிக்குமேல் இளகத் தொடங்கும். பிற்பகலில் வைத்த கால் தொடை வரை உள்ளே போகும். விடியலில் இரண்டு மணி நேரத்தில் நடந்த தூரத்தைப் பிற்பகலில் கடக்க நான்கு மணி நேரமும் ஆகலாம். இவனும் இரு நண்பர்களும் ஏறத் தொடங்கியபோது மணி பத்தாகிவிட்டது.

இதே நாட்களில் அந்தப் பக்கத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். கேட்டால் வியப்பீர்கள். அங்கேயும் மரத்தில் நீர் இறக்குகிறார்கள்! மேப்பிள் என்னும் மரத்தில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிடுகிறார்கள். இரவில் நீர் உறையும் குளிரும், பகலில் இளஞ்சூடும் மாறி மாறி வந்தால்தான் இனிப்பு நீர் ஓடும். ஏறக்குறைய 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பக்கத்து மாநிலமான வெர்மாண்டில் இது பெரிய தொழில். மலையடிவாரத்தில் அந்த வாளிகளைப் பார்த்ததும், "அம்மாவின் நிரை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

வரப்பும் குழியும்

அவர்கள் நடந்த பாதைக்கு கிராஃபோர்ட் பாதை என்று பெயர். 1819-இல் ஏபல் கிராஃபோர்ட் என்பவரும் அவர் மகன் ஈத்தனும் காட்டை வெட்டி அமைத்தது. அன்றுமுதல் விடாமல் பராமரிக்கப்பட்டு வரும் மலைப்பாதைகளில் அமெரிக்காவிலேயே பழையது இதுதான் என்கிறார்கள். அன்று அவர்கள் போக நினைத்தது வாஷிங்டன் மலைக்கு அல்ல. அதே பாதையில் முதலில் வரும் பியர்ஸ் சிகரத்துக்கு. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஏற்றம்.

குளிர்காலம் முழுவதும் ஆட்கள் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி மிதிபட்டு இறுகிவிடுகிறது. உருகும் காலத்தில் இரு பக்கத்துப் பனியும் முதலில் இளகித் தாழ்ந்துவிட, இறுகிய நடுப்பகுதி மட்டும் வயல் வரப்புபோல் உயர்ந்து நிற்கும். அதன்மேல் நடந்தால் பிழைத்தோம். ஓர் அடி விலகினால் இடுப்பு வரை பள்ளம். சிறு ஊசியிலை மரங்கள் பனிக்குள் முழுதாகப் புதைந்திருக்கும். அவற்றின் கிளைகளுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். மேலே பார்த்தால் சமதளம், கால் வைத்தால் பொறி.

இதற்காகவே அங்குள்ளவர்கள் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள். இறுகிய பனியில் வழுக்காமல் பிடிக்கும். மற்றொன்று, முறம் அளவுக்கு அகன்ற பனிச் சப்பாத்து. உடல் எடையைப் பரப்பிவிடுவதால் இளகிய பனியிலும் ஆள் புதைவதில்லை. இவர்கள் மூவரும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கனமாக இருக்கிறதென்று இரண்டாவதைக் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தி என் மனத்தைத் தொட்டது. பனிச் சப்பாத்து இல்லாமல் இளகிய பனியில் நடப்பவன் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆழமான குழியை விட்டுச் செல்கிறான். இரவில் அந்தக் குழி கல்போல் உறைந்துவிடும. மறுநாள் விடியலில் வருகிறவன் அதில் காலை விட்டுக் கணுக்காலை முறித்துக்கொள்வான். ஆகவே நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளின் உயர் சிகரப் பகுதியில், பனி 8 அங்குலத்துக்கு மேல் கிடந்தால் பனிச் சப்பாத்தோ பனிச்சறுக்குக் கட்டையோ அணிந்தே நடக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வெர்மாண்டில் பனி உருகிப் பாதை சேறாகும் காலத்தில், மே மாதக் கடைசி வரை உயரமான பாதைகளுக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வந்துவிட்டால் சேற்றைச் சுற்றிப் போகாதே, நடுவிலேயே மிதித்துப் போ என்கிறார்கள். சுற்றிப் போனால் பாதை அகன்று, மண் கரைந்து, செடிகள் சாகும்.

நம் சப்பாத்து அழுக்காகட்டும், பாதை பிழைக்கட்டும் என்பது எவ்வளவு நல்ல எண்ணம்! லயத்துப் பீலியடியை நாறவிட்டுப் போகிறவர்களும், கோயில் திடலில் குப்பையை விட்டுப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். பின்னால் வருகிறவன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வருகிறான்.

தண்ணீருக்குள் போன கால்

பனிக்கு அடியில் ஓடைகள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே பனி பாலம்போல் மூடியிருக்கும். ஜனவரியில் அது தாங்கும். மார்ச் கடைசியில் அடியிலிருந்து நீரும் மேலிருந்து வெயிலும் அரித்து, பாலம் சீனி அப்பளம்போல் ஆகிவிடும். அவனுக்கு நேர்ந்தது அதுதான். நடுப்பகல் தாண்டிய நேரம். ஒரு சிற்றோடையின்மேல் கால் வைத்தான். பனி உடைந்தது. இடது கால் முழங்கால் வரை ஓடைக்குள் போய், சப்பாத்து நிறையத் தண்ணீர்.

நமக்குக் கால் நனைந்தால் என்ன? தோட்டத்தில் நாள் முழுதும் நனைந்த காலோடு வேலை செய்தவர்கள் நாம். அங்கே அப்படியில்லை. தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிவிடும். நம் உடலின் உள்சூடு 37 பாகை செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. முதலில் உடல் நடுங்கும். பிறகு கை பொத்தானைப் போட மறுக்கும். நடை தடுமாறும். பேச்சுக் குழறும். அறிவு மங்கும். எல்லாவற்றிலும் கொடியது, பிறகு நடுக்கம் நின்றுவிடும். "குளிர் விட்டுவிட்டது" என்று அவன் நினைப்பான். உண்மையில் நடுங்கக்கூட உடலில் வலு இல்லை என்று பொருள்.

இதற்குப் பெருங்குளிர் வேண்டுவதில்லை. 0 பாகைக்கு மேலே, உருகும் காலத்து ஈரமும் காற்றும் போதும். உலர்ந்த கடுங்குளிரைவிட ஈரக் குளிர் சில வேளை பொல்லாதது. அதனால் மலைக்குப் போகிறவர்கள் பருத்தித் துணியை ஒதுக்குகிறார்கள். பருத்தி நீரைக் குடித்து உடலோடு ஒட்டிக்கொள்ளும், காய நேரமாகும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

அவனிடம் ஒரு சோடி கம்பளிக் காலுறை மாற்றுக்கு இருந்தது. ஈரத்தைத் துடைத்து, புதுக் காலுறையை மாட்டி, அதன்மேல் ரொட்டி கொண்டுபோன பிளாஸ்டிக் பையைச் சுற்றி, நனைந்த சப்பாத்துக்குள் காலை விட்டானாம். தோட்டத்துப் பிள்ளையின் மூளை அங்கேயும் வேலை செய்திருக்கிறது.

சிகரம் தெரிந்தது

இப்போது கட்டம் இதுதான். சிகரத்துக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். மரங்களுக்கு மேலே வெள்ளை முகடு கண்ணுக்குத் தெரிகிறது. நண்பர்களில் ஒருவர், "இன்னும் முக்கால் மணி நேரம்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா?" என்கிறார். மேற்கே மேகம் கூடுகிறது. பனி இளகிக்கொண்டே போகிறது.

அவன் சொன்னான்: "நான் திரும்புகிறேன். என்னைத் தனியாக அனுப்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்." மூவரும் திரும்பினார்கள். முக்கால் மணி நேரத்தைச் சொன்ன நண்பர் கார் வரை பேசவில்லையாம். இறங்குவதற்கே, தொடை வரை புதைந்து புதைந்து, மாலை நான்கு மணியாகிவிட்டது. அவ்வளவுதான். யாரும் விழவில்லை. யாரையும் தேடி யாரும் போகவில்லை. செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை.

நியூ ஹாம்ஷயரில் மலையேறுவோருக்கென்று ஆறு கடமைகளை வகுத்து, பாதை தொடங்கும் இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவோடும் தக்க கருவிகளோடும் போ. எங்கே போகிறாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. கூட்டாகப் புறப்பட்டால் கூட்டாகவே திரும்பு. நிலைமை மாறினால் திரும்பிவிடு. ஆபத்துக்கு ஆயத்தமாக இரு. இவற்றை மற்றவர்க்கும் சொல். பார்த்தீர்களா, "திரும்பிவிடு" என்பது அங்கே கோழையின் சொல்லல்ல, கடமைகளில் ஒன்று.

1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை நட்டவர்கள் நம் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். அந்த வெற்றியைப் பாடும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். நேப்பாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கும்பு பனியருவியை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கடப்பார்கள். வெயில் ஏறினால் பனிப்பாளங்கள் இளகிச் சரியும். உச்சியைத் தொடுகிறவர்களும் மணியைப் பார்த்து நடக்கிறவர்கள்தான்.

ஆற்றங்கரையில் ஒரு மாலை

கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கண் கலங்கிற்று.

நான் பணிக்கு வந்த புதிதில், பள்ளி விடுமுறையில், பதினான்கு பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஆற்றுக்கு அழைத்துப் போனேன். காலையில் கணுக்கால் அளவு நீர். கடந்து அக்கரைக்குப் போய் விளையாடினோம். பிற்பகலில் மலைப்பக்கம் இருட்டியது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் தெளிந்த நீர் தேநீர் நிறமாக மாறி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கின. பெரிய பையன்கள், "சார், முழங்கால்தான் சார், கையப் புடிச்சிக்கிட்டா தாண்டிடலாம்" என்றார்கள். எனக்கும் தாண்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கால் எழவில்லை. எல்லாரையும் மேட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். கால் மணி நேரத்தில் ஆறு மார்பளவு வந்துவிட்டது. நீர் வடிய மூன்று மணி நேரம். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி.

கோயிலடியில் பெற்றோர்கள் டார்ச் லைட்டோடு நின்றார்கள். வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. சில ஆண்டுகள் எனக்கு "தண்ணிக்குப் பயந்த வாத்தியார்" என்றே பெயர். அந்த மாலையை என் தோல்வியாகவே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். யாரிடமும் பேசியதில்லை.

இவன் அந்தப் பதினான்கு பேரில் ஒருவன். எழுதியிருக்கிறான்: "ஐயா, 'முன் வைத்த காலைப் பின் வைக்காதே' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டீர்கள். ஆற்றங்கரையில் வேறொன்று செய்து காட்டினீர்கள். மலையில் எனக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வந்தது."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பழமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். இனியும் சொல்வேன். படிப்பைப் பாதியில் விட நினைக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். சொன்ன சொல்லைக் காக்க வேண்டியவனுக்கும் அது வேண்டும். ஆனால் ஆறும் மலையும் நம் பழமொழியைப் படித்தவை அல்ல. மனிதர்முன் வைத்த காலைப் பின் வைக்காதே, இயற்கைமுன் வைத்த காலைத் தேவையானால் எடுத்துவிடு என்று சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

நமக்குப் பனிமலை இல்லாவிட்டாலும் ஆறும் அருவியும் உண்டு. விடுமுறையில் போகும்போது நீரின் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், நேற்றுவரை இல்லாத இரைச்சல் கேட்டால், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாலும் எழுந்து மேடேறிவிடுங்கள். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை தாமதமாகத் திரும்பினால் ஏசுமுன், ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறு வாரம் அந்த அம்மாளைக் கோயிலில் பார்த்தேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப, போகட்டுமா சார்?"

"போகட்டும்மா. திரும்பத் தெரிஞ்சிருக்கு அவனுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்படின்னா அடுத்த தடவை வெள்ளனயே கெளம்பச் சொல்லுங்க சார். பத்து மணிக்கு மலையேறுறதாவது! நாலு மணிக்கு எந்திரிச்சு நிரைக்குப் போனவ மகன் பண்ற வேலையா இது?"

அதை அப்படியே அவனுக்கு எழுதிவிட்டேன். அடுத்த இதழில் சந்திப்போம்.